‘ஸ்டோனர்’ நாவலில் ஈடித் ராட்சசியா? பொம்மைக் காட்சியை ஏன் யாரும் பேசுவதில்லை?

செம்பருத்தி:
ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ பற்றிக் குன்றக்குடியான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ‘ஒரு நல்ல மனிதனின் வாழ்க்கையை அணு அணுவாக அழித்த ராட்சசி ஈடித்’ என்கிறார். அதற்குக் கீழே ஆளாளுக்கு ‘அருமை சார், உண்மை சார்’. ஒருத்தராவது அந்தப் பொம்மைக் காட்சியைப் பற்றி வாய் திறந்தீர்களா?

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் ஸ்டோனர் மிசௌரியில் ஓர் ஏழை விவசாயியின் மகன். 1910இல் விவசாயம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறான். ஆர்ச்சர் ஸ்லோன் என்ற ஆங்கில ஆசிரியர் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானட்டைச் சொல்லி, இதற்கு என்ன பொருள் என்று அவனைக் கேட்கிறார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் பழைய ஆள் இல்லை. விவசாயப் படிப்பை விட்டு இலக்கியத்துக்கு வருகிறான். அங்கேயே ஆசிரியராகி, சாகும்வரை உதவிப் பேராசிரியராகவே இருக்கிறான். செயின்ட் லூயிஸ் வங்கிக்காரர் ஒருவரின் மகள் ஈடித்தைக் கல்யாணம் செய்கிறான். இது தேறாத கல்யாணம் என்று ஒரே மாதத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி அந்தக் காட்சி. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் ஈடித்தின் அப்பாவுடைய வங்கி திவாலாகி, அவர் தற்கொலை செய்துகொள்கிறார். சாவுக்குப் போனவள் அம்மா வீட்டிலேயே தங்குகிறாள். தன் பழைய அறையில் சின்ன வயதுச் சாமான்களை எடுத்து இரண்டாகப் பிரிக்கிறாள். அப்பா வழியாக வந்தவை ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். அப்பா தந்த கடிதம், துணி, பொம்மைக்குள் அடைத்த பஞ்சு எல்லாவற்றையும் கணப்பில் போட்டு எரிக்கிறாள். எரியாமல் நின்ற பீங்கான் தலை, கை, கால்களைக் கல்லில் வைத்து மாவாக இடிக்கிறாள். மிஞ்சியதைக் கூட்டி அள்ளிக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுகிறாள். மற்றக் குவியல் பத்திரமாக அதன் இடத்துக்குத் திரும்பிப் போகிறது.

ஒரு மகள் ஏன் இதைச் செய்வாள்? அந்த அப்பா அவளுக்கு என்ன செய்திருப்பார்? இதைக் கேட்காமல் ‘ராட்சசி’ என்று எழுத எப்படி மனசு வருகிறது?

குன்றக்குடியான்:
அம்மா, வணக்கம். நீங்கள் எதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. அதை நாவல் எந்த வரியில் சொல்கிறது? வரியைக் காட்டுங்கள். இரண்டு முறை படித்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

வங்கி போய், மானம் போய், அப்பா குடும்பத்தை நட்டாற்றில் விட்டுச் செத்துப்போனார். அந்தக் கோபத்தில் பொம்மையை உடைத்தாள். இதற்கு மேல் அங்கே எதுவும் எழுதப்படவில்லை. எழுதாததைப் படிப்பது வாசிப்பு ஆகாது.

ஸ்டோனரின் படிப்பறைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அலமாரிகளைத் தன் கையால் செய்து, பழைய மேசை நாற்காலிகளைத் தேய்த்துச் செப்பனிட்டு, அந்த அறையையே தன் உருவமாக ஆக்கி வைத்திருந்தான். ஒருநாள் வீடு திரும்பினால் புத்தகமும் மேசையும் வெளியே கிடக்கின்றன. அம்மையாருக்குக் கலை வளர்க்க அறை வேண்டுமாம். அவன் கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில் குளிரில் உட்கார்ந்து பாடம் தயாரிக்கிறான். கூடவே அவன் உயிராக வளர்த்த மகள் கிரேஸையும் அவனிடமிருந்து பிரித்துவிடுகிறாள். இதைச் செய்தவளை வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

செம்பருத்தி:
முதலில் ‘அம்மா’ வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும்.

வரி கேட்டீர்கள். வரிசையைப் பாருங்கள். பொம்மைகளை எரித்துவிட்டுத்தான் ஈடித் ஊர் திரும்புகிறாள். முடியை வெட்டி, உடையை மாற்றி, வேறு ஆளாக வருகிறாள். வந்ததும் என்ன பார்க்கிறாள்? கதவு மூடிய அறைக்குள் ஓர் அப்பா, பக்கத்தில் குட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சின்ன மகள். தன் அப்பாவைப் பொடியாக்கிவிட்டு வந்தவள் கண்ணுக்கு அந்தக் காட்சி எப்படித் தெரிந்திருக்கும்? அவள் கிரேஸைப் பிடித்து வெளியே இழுத்தது குரூரமா, பயமா? பொம்மை முதலில், படிப்பறை அப்புறம். ஆசிரியர் இந்த வரிசையைத் தெரியாமலா வைத்தார்?

குன்றக்குடியான்:
ஸ்டோனரைப் போய் அந்த மாதிரி அப்பனோடு சேர்க்கிறீர்களா? ஈடித் பிள்ளை பெற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டு வளர்த்தவன் அவன். தமிழ்நாட்டில் இன்றைக்கும் எத்தனை பேராசிரியர்கள் அதைச் செய்கிறார்கள்? அவன்மேல் சேற்றை வாரி இறைக்க உங்களுக்கு ஒரு பொம்மை கிடைத்துவிட்டது.

செம்பருத்தி:
நான் ஸ்டோனரைச் சொல்லவே இல்லை. அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரா நீங்கள்?

தாமிரபரணிக்காரன்:
ரெண்டு பேரும் பொம்மையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இந்த நாவலில் மறக்க முடியாதது சார்லஸ் வாக்கரின் வாய்மொழித் தேர்வுதான். ஸ்டோனரின் சக ஆசிரியர் லோமாக்ஸின் செல்ல மாணவன், வாய்ஜாலம் மட்டும் உள்ள பையன். ஸ்டோனரின் கருத்தரங்க வகுப்பில், தன் கட்டுரையை எழுதாமல் வந்து, அங்கே இருந்த இளம் ஆசிரியை கேதரின் டிரிஸ்கால் படித்த கட்டுரையைக் கிண்டலடித்தே நேரத்தை ஓட்டுகிறான். தேர்வில் லோமாக்ஸ் எடுத்துக் கொடுக்கும் கேள்விக்கெல்லாம் அருவி மாதிரிக் கொட்டுகிறான். ஸ்டோனர் பழைய ஆங்கிலச் செய்யுளைப் பற்றி அடிப்படைக் கேள்வி ஒன்று கேட்டதும் வாயடைத்துப் போகிறான். ஸ்டோனர் அவனைத் தேறவிடவில்லை. அதற்காக லோமாக்ஸ் துறைத்தலைவராகி இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோனரோடு பேச்சை நிறுத்தி, முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி எடுக்கும் வேலையையே தலையில் கட்டுகிறார். உத்தியோகத்தில் இருப்பவனுக்குத்தான் இந்த வலி புரியும்.

எனக்கே நடந்தது. எங்கள் துறையில் ஒருவரின் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக நகல் இருந்தது. சொன்னேன். அடுத்த ஆண்டு என் கால அட்டவணை காலை முதல் வகுப்பும் மாலைக் கடைசி வகுப்புமாக மாறியது. நடுவில் நாள் முழுக்கச் சும்மா உட்கார வேண்டும். யாரும் எதுவும் சொல்லவில்லை, அட்டவணை மட்டும் பேசியது. ஸ்டோனருக்கு லோமாக்ஸ் போட்ட அட்டவணையைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

குன்றக்குடியான்:
நண்பரே, நீங்கள் ஒருவர்தான் நாவலை நாவலாகப் படித்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகம் என்பது உலகத்தில் பிழைக்கத் தெரியாதவர்களுக்கான புகலிடம் என்று ஸ்டோனரின் நண்பன் டேவ் மாஸ்டர்ஸ் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். அந்த மாஸ்டர்ஸ் முதல் உலகப் போரில் செத்துப்போகிறான். அவனுக்காகவும் சேர்த்துத்தான் ஸ்டோனர் அந்த அறையில் வாக்கரை எதிர்த்து நிற்கிறான். வாக்கரை உள்ளே விட்டால் நாளைக்கு அவன் நூறு பிள்ளைகளைக் கெடுப்பான். இதுதான் நாவலின் உயிர். பொம்மை இல்லை.

மல்லிகைப்பந்தல்:
வாக்கரைப் பற்றி ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. லோமாக்ஸுக்குக் கூன். வாக்கருக்குக் கையும் காலும் சரியில்லை. நாவலின் இரண்டு எதிரிகளும் உடல் ஊனமுற்றவர்கள். இது உங்கள் யாருக்கும் உறுத்தவில்லையா? எனக்கு இரண்டு நாள் உறுத்தியது. ஈடித்தை அழகான பொம்மையாகவும் இவர்களைக் கோணலாகவும் எழுதிவிட்டு ஸ்டோனரை மட்டும் நேராக நிற்க வைக்கிறார் ஆசிரியர்.

குன்றக்குடியான்:
வந்துவிட்டார்கள். அடுத்து ஸ்டோனர் மாட்டுக்குத் தீவனம் சரியாக வைத்தானா என்றும் கேளுங்கள். லோமாக்ஸ் ஒரு பெரிய பாத்திரம். சின்ன வயதுத் தனிமையில் புத்தகங்களே தன்னைக் காப்பாற்றின என்று ஸ்டோனர் வீட்டு விருந்தில் அவர் பேசும் இடம் இருக்கிறது. அங்கே ஸ்டோனருக்கே அவர்மேல் சகோதர பாசம் வருகிறது. ஊனம் என்று ஒரே ஒரு சட்டத்துக்குள் அவரை அடைத்தது நீங்கள்தான், ஆசிரியர் இல்லை.

மல்லிகைப்பந்தல்:
கேள்வி கேட்டால் மாட்டுத் தீவனம் என்பீர்கள். போன மாதம் குறுந்தொகை விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். பதில் வராத இடத்தில் நக்கல். அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்துப் போனேன், இன்றைக்குப் போகமாட்டேன்.

குன்றக்குடியான்:
குறுந்தொகையில் நீங்கள் சொன்னது தவறு. இன்றைக்கும் தவறுதான். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பழைய புத்தகப்பிரியன்:
சண்டைக்கு நடுவில் ஒரு தகவல். இந்த நாவல் 1965இல் வந்தபோது இரண்டாயிரம் பிரதிகூட விற்கவில்லை. அடுத்த ஆண்டே அச்சில் இல்லாமல் போனது. 2006இல் நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் மறுபதிப்பு கொண்டுவந்தது. 2011இல் பிரெஞ்சு எழுத்தாளர் அன்னா கவால்டா பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 2013இல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள் அதை ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தன. வில்லியம்ஸ் 1994இலேயே இறந்துவிட்டார், எதையும் பார்க்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் பேர் வாங்கிக் கொடுத்தது ‘அகஸ்டஸ்’தான், 1973 நேஷனல் புக் அவார்ட். ஸ்டோனரைப் போலவே அவரும் மிசௌரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்புறம் டென்வரில் முப்பது வருஷம் பாடம் நடத்தினார்.

குன்றக்குடியான்:
நல்ல தகவல். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோனரின் வாழ்க்கை சோகமானது என்று பலர் நினைக்கிறார்கள், என்னைக் கேட்டால் அவன் நல்ல வாழ்க்கை வாழ்ந்தவன், உண்மையான நாயகன் என்று வில்லியம்ஸே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எழுதினவரே நாயகன் என்கிறார். இங்கே சிலர் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறார்கள்.

செம்பருத்தி:
அப்போது வில்லியம்ஸ் எழுதிய ஒரு பக்கத்தையே சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரி.

கல்யாணமான புதிதில் இரவுகளில், தூக்கத்தில் அவள் அறியாமல் அவன் பக்கம் புரண்டு வரும்போது அவன் அவளை நெருங்குகிறான். பாதி விழித்தால் அவள் உடம்பு விறைக்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தலையணையில் புதைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் ஆசிரியர் போட்டிருக்கும் சொல் அத்துமீறலைக் குறிக்கும் சொல்தான். நானாகச் சேர்க்கவில்லை. அதை அவள் பொறுத்துக்கொள்கிறாள். அவள் எப்படி வளர்க்கப்பட்டாள் என்றும் எழுதியிருக்கிறார். எதைச் செய்யக்கூடாது என்பது மட்டுமே சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண். உடம்பைப் பற்றி வாயால் ஒரு வார்த்தை கேட்டிராமல் அதைக் கண்டு நடுங்கவே பழக்கப்பட்டவள்.

இத்தனையையும் எழுதிவிட்டு, ஏறக்குறைய நாவல் முழுவதும் ஸ்டோனரோடேயே நடக்கும் கதைசொல்லி, அந்த ஒரு காட்சிக்கு மட்டும் அவனை விட்டுவிட்டு ஈடித்தோடு தனியாக அறைக்குள் போய் உட்காருகிறான். ஸ்டோனருக்கு அந்தப் பொம்மைகள் எரிந்தது கடைசிவரை தெரியாது. நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. எதற்குக் காட்டினார்? வங்கி திவாலான கோபத்துக்கு இத்தனை ஏற்பாடா? கோபம் வந்தவள் எடுத்ததும் உடைப்பாள். இவள் உட்கார்ந்து பிரிக்கிறாள். அப்பா தொட்டது, தொடாதது என்று பிரிக்கிறாள்.

குன்றக்குடியான்:
மறுபடி பொம்மை! ‘அப்பா தொட்டது’ என்று நாவல் சொல்லவில்லை, ‘அப்பா தந்தது’ என்று இருக்கிறது. பார்த்தீர்களா எப்படி மாற்றுகிறீர்கள் என்று? ஒரு சொல்லைத் திருப்பி ஒரு செத்த மனுஷனைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். ஈடித்தின் அப்பா ஹோரஸ் பாஸ்ட்விக் கடுமையான ஆள், பணத்திமிர் பிடித்த ஆள். அவ்வளவுதான் நாவலில் இருக்கிறது. வரி எங்கே?

செம்பருத்தி:
தந்ததுதான். சரி. தந்ததை ஏன் மாவாக இடித்தாள்?

குன்றக்குடியான்:
வரி எங்கே?

தாமிரபரணிக்காரன்:
போதும் சார் இரண்டு பேருக்கும். அந்தத் தேர்வைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

நடுநிசி வாசகன்:
நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. என் கோபம் ஸ்டோனர் மேல்தான். பின்னாளில் கேதரினோடு காதல் வந்து அவனுக்கு ஒரு நல்ல வாழ்க்கை கிடைக்கிறது. ஓசார்க் மலையில் பனிக்காலத்தில் ஒரு குடிசையில் இருவரும் தங்கும் நாட்கள்தான் நாவலிலேயே மூச்சு விடும் பக்கங்கள். லோமாக்ஸ் மிரட்டுகிறார். உடனே கைகட்டி அவளை ஊரை விட்டு அனுப்பிவிடுகிறான். அப்புறம் அவள் தன் புத்தகத்தை அவன் பெயரின் முதலெழுத்துகளுக்குச் சமர்ப்பிக்கிறாள், இவன் எடுத்துப் பார்த்து உருகுகிறான். வாக்கர் விஷயத்தில் மலை மாதிரி நின்றவன், தன் மகளுக்கும் தான் விரும்பிய பெண்ணுக்கும் ஏன் ஓர் அங்குலம் நிற்கவில்லை? இதை நாயகத்தனம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குன்றக்குடியான்:
கேதரினின் வேலை போயிருக்கும், பெயர் கெட்டிருக்கும். அவளைக் காப்பாற்றத்தான் பிரிந்தான். அவனும் எல்லாவற்றையும் விட்டு ஓடியிருந்தால் இருவரும் தங்கள் வேலையை இழந்து வேறு ஆட்களாகிப் போயிருப்பார்கள். அவர்களே அதைப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். அவசரப்பட்டுப் படித்தால் இப்படித்தான் தோன்றும்.

நடுநிசி வாசகன்:
எல்லோரும் அவசரப்பட்டுப் படித்தவர்கள், நீங்கள் மட்டும் நிதானமாகப் படித்தவர். சரி ஐயா.

செம்பருத்தி:
கிரேஸை மறந்துவிட்டீர்கள். அமைதியான குழந்தை. முதலாண்டுப் படிப்பிலேயே கர்ப்பமாகி, எட்வர்ட் ஃபிரை என்ற பையனை அவசரக் கல்யாணம் செய்து, அவனும் போரில் சாக, செயின்ட் லூயிஸில் குடியில் மூழ்கிப்போகிறாள். அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்கிற அர்த்தத்தில் அவளே அப்பாவிடம் சொல்கிறாள். ஸ்டோனர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய பொறுமையை எல்லோரும் புகழ்கிறீர்கள். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தது அந்தப் பிள்ளை.

குன்றக்குடியான்:
விலை கொடுக்க வைத்தது ஈடித். பியானோ வகுப்பு, விருந்து, புதுத்துணி என்று அந்தப் பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கியது யார்? உங்கள் கணக்கிலேயே பயந்து காப்பாற்றியவள் அவள்தானே? காப்பாற்றிய லட்சணம் அதுவா? அப்பாவிடம் பட்டவள் மகளை இந்தப் பாடு படுத்துவாளா?

செம்பருத்தி:
படுத்துவாள். பட்டவர்கள் எல்லோரும் தேவதைகளாக ஆகிவிட வேண்டும் என்று யார் சொன்னது? அவள் செய்தது சரி என்று நான் எங்குமே எழுதவில்லை. ராட்சசி இல்லை என்று எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சாகக் கிடக்கும்போது ஸ்டோனர் ஈடித்தைப் பார்க்கிறான். அவர்களுக்குள் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு சமாதானம் வருகிறது. நான் இன்னும் பலமாக இருந்திருந்தால், இன்னும் தெரிந்திருந்தால், புரிந்துகொண்டிருந்தால் என்று யோசித்துக்கொண்டே போகிறான். கடைசியாகத் தன்மேல் இரக்கமே இல்லாமல், அவளை இன்னும் நேசித்திருந்தால் என்று நினைக்கிறான். உங்கள் நாயகனே தன் பங்கை ஒத்துக்கொள்கிறான். அவனுக்காக வழக்காடும் உங்களுக்கு மட்டும் அது முடியவில்லை.

குன்றக்குடியான்:
அதுதான் அவனுடைய பெருந்தன்மை! தன் வாழ்க்கையைக் கெடுத்தவளுக்காகவும் சாகும்போது தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறான். அதைச் சாட்சியாக எடுத்து அவன்மேலேயே வழக்குப் போடுகிறீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
அவன் ஒத்துக்கொண்டால் பெருந்தன்மை, அவள் எரித்தால் திமிர். உங்கள் தராசு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

குன்றக்குடியான்:
நீங்கள் முதலில் நாவலை முழுதாகப் படித்தீர்களா? லோமாக்ஸின் கூனுக்கு மேல் ஒரு வரி உங்களிடமிருந்து வரவில்லை.

மல்லிகைப்பந்தல்:
படித்தேன். நூலகத்தில் எடுத்து, பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். உங்களுக்குச் சான்றிதழ் வேண்டுமா?

பழைய புத்தகப்பிரியன்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம் நண்பர்களே. ஒரே ஒரு கேள்வி, இருவருமே பதில் சொல்லலாம். கல்யாணமாகிச் சில வருஷங்களில் ஈடித் திடீரென்று குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்து, கர்ப்பமானதும் பழையபடி விலகிவிடுகிறாளே, அந்த இடத்தை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்? எனக்கு அவளைப் பற்றி இன்னும் புரியாதது அதுதான்.

குன்றக்குடியான்:
சுயநலம். வேறென்ன?

செம்பருத்தி:
அந்த இடத்திலும் அவள் ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுயநலம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும் உங்களிடம் நான் என்ன விளக்குவது? பொம்மைக் காட்சிக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைத் தட்டச்சு செய்து நாளைக்கு ஒரு தனிப் பதிவாகப் போடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

குன்றக்குடியான்:
போடுங்கள். முழுதாகப் போடுங்கள், நடுவில் வெட்டாமல். அதிலும் அந்த வரி இருக்காது.

தாமிரபரணிக்காரன்:
வாக்கர் தேர்வுக்கு நானே தனி இழை தொடங்குகிறேன். கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் அங்கே வாருங்கள். பொம்மை அங்கே வேண்டாம்.

செம்பருத்தி:
வருகிறேன். வாக்கரிடம் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட கேதரினைப் பற்றி அங்கேயும் யாரும் பேசமாட்டீர்கள் என்று தெரியும்.